தூணுக்கு அந்தப் பக்கம் எரிந்த லைட்

என்னை எழுதச் சொன்னது தேவி. நான் வேலை பார்த்த பாட்டில் கம்பெனியில் இப்போது வேலை பார்க்கிற பெண். அங்கே பெண்கள் எல்லாரும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறார்களாம்.

"அன்னிக்கு நடந்துச்சே, அத அப்டியே எழுதிக் குடுங்க பெரிம்மா. தப்பு கிப்பு இருந்தா நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஐந்தாவது வரை படித்த கை இது. இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொல்லியிருந்தால் முடியவே முடியாது என்றிருப்பேன். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு என்று அவள் சொன்னது ஆயுத பூஜை நாள். எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகளில் அன்றைக்கு மட்டும் கேட்டைத் திறந்து விடுவார்கள். குடும்பத்தோடு உள்ளே போய்ப் பார்க்கலாம். இந்தத் தடவை, புது மெஷின் வந்திருக்கிறது வாருங்கள் என்று, ரிடையர் ஆன எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மெஷினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்னால் பொரியும் கடலையும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். அடுப்பை அணைக்க முடியாத கம்பெனி அது. பூஜை நாளிலும் பாட்டில் வந்துகொண்டுதான் இருக்கும்.

பாட்டில்கள் வரிசையாக மெஷினுக்குள் போயின. உள்ளே ஒவ்வொரு பாட்டிலையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறதாம். கோளாறு இருந்தால் புஸ் என்று ஒரு காற்று. அந்த ஒரு பாட்டில் மட்டும் தள்ளிப்போய் விழுகிறது, பக்கத்துப் பாட்டில் அசையக்கூட இல்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பூஜைக்காகக் கும்பிடுகிறேன் என்று தேவி நினைத்திருப்பாள். வலிக்காத கண், தூங்காத கண், வீட்டு நினைப்பு வராத கண். அதைத்தான் கும்பிட்டேன்.

அப்புறம் மெல்ல அவளிடம் கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் கீது. ரெண்டாவது லைட்டு எங்க?"

"இன்னா ரெண்டாவது லைட்டு பெரிம்மா?"

"தூணுக்கு அந்தாண்ட, பேக்கிங்குக்கு முன்னாடி ஒண்ணு இருக்கணுமே. எங்க காலத்துல கொஞ்ச நாளு கம்பெனி போட்டு வச்சிருந்துச்சு. அது இருந்தா நல்லதாச்சே."

தேவி பக்கத்தில் நின்ற இன்ஜினியரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், அப்படி ஒன்றும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று. என் பக்கத்தில் மல்லிகா பொரி தின்றுகொண்டிருந்தாள். என்னோடு ஒரே லைனில் உட்கார்ந்தவள். அவள் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த பொரியெல்லாம் கொட்டிப்போயிற்று.

"அடிப்பாவி கன்னிமா! இன்னும் அத கம்பெனி லைட்டுன்னா நெனச்சிக்கினு கீற?"

சிரித்துக்கொண்டே இருந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்னதை எழுத வேண்டுமென்றால் எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும்.

புதுவாயலுக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் தெருவில் பாதிப் பேர் கம்பெனிக்குப் போனார்கள். நானும் கல்யாணத்துக்குப் பிறகு போனேன். முதல் நாள் எங்களை அடுப்புக்குக் கூட்டிப்போய், கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கண்ணில் வைத்து உள்ளே பார்க்கச் சொன்னார்கள். நான் நெருப்பு என்றால் விறகு நெருப்பு மட்டும் பார்த்தவள். அது நெருப்பு மாதிரியே இல்லை. ஒரு ஏரி அசையாமல் வெளிச்சமாகக் கிடந்தது. அதெல்லாம் மணலாம். நாம் மிதித்துக்கொண்டு போகிற மணல். மேலே இருந்து அது கெட்டித் தேன் மாதிரி சொட்டும். ஒரு கத்திரி நறுக்கும். சொட்டு அச்சுக்குள் விழும். வெளியே வரும்போது சிவப்பாக ஒரு பாட்டில் நிற்கும். அன்றைக்கு இரவு சாப்பிடும்போது எங்கள் வீட்டுக்காரர், "இன்னா ஒரு மாறி கீற?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சிவப்பு பாட்டிலை அப்படியே விட்டால் வெடித்துவிடும். அதனால் நீளமான ஒரு கூண்டு அடுப்புக்குள் மெதுவாக ஊர்ந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஆறி வரும். ஆறி வருகிற இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். எங்கள் எதிரில் பால் போல வெள்ளைக் கண்ணாடிப் பலகை, அதன் பின்னால் டியூப் லைட். பலகைக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் போகும். நாங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு பெல்ட்டுக்கு ஒருத்தி. அரை மணி நேரம் பார்த்தால் எழுந்து மங்கலான பக்கம் போய் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். அது கண்ணுக்கு ஓய்வு. பிறகு மறுபடி லைட்.

எங்கள் பாட்டில் எல்லாம் மருந்து பாட்டில். இருமல் மருந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சத்து மருந்து. கீறல், குமிழ், கல் என்று கோளாறு பலவகை உண்டு. எல்லாவற்றிலும் பொல்லாதது ஊஞ்சல். பாட்டிலுக்கு உள்ளே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு முடி மாதிரி ஒரு கண்ணாடி நூல் ஓடும். குருவி உட்கார்ந்து ஆடலாம் போல இருக்கும், அதனால் அந்தப் பெயர். மருந்து ஊற்றினால் அது உடைந்து மருந்தோடு கலந்துவிடும். குடிக்கிறது ஒரு குழந்தை.

எங்களுக்கு மேலே கிரேஸ் மேடம். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி. எதையாவது யோசித்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். நல்லா செஞ்ச என்று ஒருநாளும் யாரையும் சொன்னதில்லை. "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்தால் அன்றைக்கு மல்லிகா எல்லாருக்கும் டீ வாங்கித் தருவாள்.

அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். "பாட்டில பாக்காத. லைட்ட பாரு. வெளிச்சம் எங்க தட்டுப்படுதோ அங்க கோளாறு. வாய், கழுத்து, தோளு, உடம்பு, அடி. இந்த வரிசைய மாத்தாத."

எனக்கு இதெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். ஊஞ்சல் பார்த்தால் கத்த வேண்டும். எல்லாரும் கேட்கிற மாதிரி "ஊஞ்சல்!" என்று கத்தி, பாட்டிலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அப்போதுதான் பெல்ட்டை நிறுத்தி, பாட்டில் அடியில் இருக்கிற அச்சு நம்பரைப் படித்து, அந்த அச்சிலிருந்து வந்த எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பார்கள். மெஷின் சத்தத்தில் மெல்லச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது.

நான் முதல் ஊஞ்சலைப் பார்த்தபோது வாய் வரவில்லை. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, தலையைக் குனிந்துகொண்டே அந்தக் கோடியில் இருந்த மேடம் வரைக்கும் நடந்துபோய் நீட்டினேன். அதற்குள் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் பாட்டிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "வாய் எங்க?"

நான் பாட்டிலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"இதக் குடிக்கிறது ஒரு கொழந்த. நீ வெக்கப்பட்டா அது சாவும். கத்து."

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மல்லிகா தன் இடத்திலிருந்தே, "உடுங்க மேடம், அவ தாலி கட்டும்போதே வாயத் தொறக்கல, ஊஞ்சலுக்கா தொறப்பா? அவ கைய தூக்கட்டும், நான் கத்தறேன்" என்றாள். அப்புறம் அதுவே பழக்கம் ஆகிவிட்டது. நான் கையைத் தூக்குவேன், பக்கத்து பெல்ட்டிலிருந்து மல்லிகா ஷெட்டே அதிர "ஊஞ்சலோய்!" என்பாள். மேடத்துக்கு அது பிடிக்காது. ஆனாலும் விட்டுவிட்டார்.

இன்னொரு முறை உண்டு. மேடத்திடம் கோளாறான பாட்டில்கள் சில இருந்தன. அடியில் சின்னதாய்ச் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்தவை. யாருக்கும் தெரியாமல் அதில் ஒன்றை ஓடுகிற வரிசையில் வைத்துவிடுவார். உட்கார்ந்திருப்பவள் பிடிக்கிறாளா என்று பார்க்க. பிடித்தால் வழக்கம் போலக் கத்த வேண்டும். பிடிக்காவிட்டால் மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். தவறிக்கொண்டே இருந்தால் லைட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறங்கினால் கான்ட்ராக்ட் ஆட்களோடு கூட்டிப் பெருக்கப் போக வேண்டியதுதான். லைட்டில் உட்காருகிறவர்களுக்கு வைத்தியக் கார்டு உண்டு, குடும்பத்துக்கே பார்க்கலாம். கான்ட்ராக்டுக்கு அது கிடையாது.

அந்தக் கார்டை நான் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். அது எதற்கு என்று ஒருநாள் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர் இரும்பு கம்பி ஏற்றுகிற இடத்தில் கான்ட்ராக்டில் இருந்தார். லாரியில் கட்டு சரிந்து அவர் இடது காலின் மேல் விழுந்துவிட்டது. என் கார்டைக் காட்டித்தான் திருவள்ளூரில் சேர்த்தோம். டாக்டர் எங்களிடம் மறைக்கவில்லை. "காலக் காப்பாத்தலாம், ஆனா நாள் ஆகும். இன்னும் ஆபரேஷன் இருக்கு. நடுவுல நிறுத்தினா கால எடுக்க வேண்டி வரும்" என்றார். நடுவில் நிறுத்தக்கூடாது என்றால் கார்டு இருக்க வேண்டும். கார்டு இருக்க வேண்டும் என்றால் நான் லைட்டில் இருக்க வேண்டும்.

பகலில் என் நாத்தனார் பார்த்துக்கொண்டாள். அவள் குடித்தனம் திருவள்ளூரில்தான். நான் வேலை முடிந்து புதுவாயலில் பஸ் ஏறி, பெரியபாளையம் வழியாகப் போய்ச் சேர்ந்து, ராத்திரி அவர் கட்டிலுக்குக் கீழே சேலையை விரித்துச் சாய்ந்திருந்து, விடிந்ததும் வருகிற முதல் பஸ்ஸில் திரும்புவேன். அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். கண்டக்டர் "புதுவாயல்! புதுவாயல்!" என்று கத்துகிற கத்தலில் விழித்து இறங்குவேன். இந்த ஆள் ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறார் என்று எரிச்சலாகக்கூட இருக்கும்.

லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் கண் திறந்துதான் இருக்கும். பாட்டில் போகும். நானும் பார்ப்பேன். ஆனால் வாய்க்கு அப்புறம் கழுத்து வருகிறதா தோள் வருகிறதா என்று தெரியாது. வெளிச்சத்தில் அவர் கால்தான் தெரியும். கட்டுப் போட்டுத் தூக்கிக் கட்டிய கால்.

ஒருநாள் என் முறை முடிந்து எழுந்தபோது பேக்கிங் பக்கம் மேடம் நின்றிருந்தார். கையில் ஒரு பாட்டில். அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் சிவப்புப் பொட்டு. என்னைத் தாண்டிப்போன பாட்டில் அது. மேடம் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்கு பஸ்ஸில் நான் தூங்கவில்லை. மறுநாள் துடைப்பம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். நாத்தனாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வந்தால் என் இடம் அப்படியே இருந்தது. ஆனால் லைன் திரும்புகிற இடத்தில், பெரிய தூணுக்கு அந்தப் பக்கம், புதிதாக ஒரு லைட் பலகை இருந்தது. முன்னால் ஒரு ஸ்டூல். மேடம் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமே இங்க ரெண்டாவது தடவ பாக்கணும். மேலேந்து உத்தரவு."

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பாமல் என்ன? கம்பெனியில் மாதத்துக்கு ஒரு ரூல் மாறும். என் சோதனை பாட்டில் விஷயம் எப்படியோ மறந்துபோயிற்று, தப்பித்தேன் என்று இருந்தேன்.

அந்த ஸ்டூலில் மல்லிகா உட்காருவாள், ரஹ்மத் உட்காருவாள், மற்றவர்களும் மாறி மாறி உட்காருவார்கள். என்னை மட்டும் போடவில்லை. போகப்போக அது எனக்கு உறுத்தியது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மல்லிகாவிடம் கேட்டுவிட்டேன். நான் கேட்டதே பெரிது.

"என்ன மட்டும் ஏன் அந்தாண்ட போடறதில்ல?"

"அங்க அழகா கீறவங்களத்தான் போடுவாங்களாம். உன் மூஞ்சி சரியில்லயாம்" என்றாள்.

ரஹ்மத் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவைக் கழுவினாள். அவள் கண் இரண்டும் சிவந்திருந்ததை அன்றைக்கு நான் பார்த்தேன். அடுப்புச் சூடு என்று நினைத்தேன்.

"நம்ம கண்ணு மேல கம்பெனிக்கு நம்பிக்கையே இல்ல. ஒரே பேஜாரு" என்றேன்.

"ஆமாமா. ரொம்ப மோசமான கம்பெனி" என்றாள் மல்லிகா.

நாட்கள் அப்படியே போயின. அவருக்குக் கடைசி ஆபரேஷன் முடிந்தது. ஒரு சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு உயிர் போயிற்று.

"இன்னாத்துக்கு இப்டி வெளுத்துப் போற? கால் விரல அசைச்சிட்டான் எங்கண்ணன். டாக்டரு கால் தங்கிடுச்சின்னு சொல்லிட்டாரு. உள்ள போய் பாத்துட்டு, நேரா ஊட்டுக்குப் போ. இன்னிக்கி நான் இருக்கேன். நீ மனுசி மாறியே இல்ல. போய்த் தூங்கு."

உள்ளே போனேன். அவர் என்னைப் பார்த்ததும் பெருவிரலை ஆட்டிக் காட்டினார், ஏதோ சின்னப் பிள்ளை பொம்மை காட்டுகிற மாதிரி. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னா, ஊஞ்சல் கீதான்னு பாக்கறியா?" என்றார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்ததுதான் தெரியும். விடிந்து வெயில் வந்து முகத்தில் அடித்தபோது எழுந்தேன்.

அன்றைக்கு லைட் முன்னால் உட்கார்ந்ததும் என் இடத்தில் யாரோ புது டியூப் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு பளிச்சென்று இருந்தது. பாட்டில் ஒவ்வொன்றும் தனியாக, கழுவி எடுத்த மாதிரி வந்தது. வாய், கழுத்து, தோள், உடம்பு, அடி. ஒவ்வொன்றாக வந்தது. கண்ணாடி இவ்வளவு அழகான பொருளா என்று இருந்தது எனக்கு. அந்த மணல் ஏரியை முதல் நாள் பார்த்தபோது இருந்த மாதிரியே மனசு நின்றுபோயிற்று.

அப்போது ஒரு தோளுக்குக் கீழே வெளிச்சம் ஒரு கோடாகத் தட்டுப்பட்டது. முடி மாதிரி ஒரு கோடு.

கையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் பார்த்தேன். பக்கத்து இடத்தில் அன்றைக்குப் புதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மல்லிகா தூணுக்கு அந்தப் பக்கம். பாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு எழுந்தேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"ஊஞ்சல்!"

என் குரலை நானே அதற்கு முன்னால் கேட்டதில்லை. பெல்ட் நின்றது. ஷெட்டே திரும்பிப் பார்த்தது. பாட்டிலைக் கவிழ்த்தேன். அடியில் சிவப்புப் பொட்டு. மேடம் வைத்த சோதனை பாட்டில்தான். நிஜமானது இல்லை. இதற்குப் போய் இவ்வளவு கத்திவிட்டோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆனால் தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மல்லிகா ஓடிவந்தாள். ஓடக்கூடாத இடம் அது. வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரஹ்மத் பெட்டி மடிக்கிற இடத்திலிருந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களும் சிரிக்கிறார்கள். ஒரு சோதனை பாட்டிலைப் பிடித்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? நான் கத்தியதுதான் அவர்களுக்கு அதிசயம் போல என்று நினைத்துக்கொண்டேன். மேடம் வந்து பாட்டிலை வாங்கி, லைட்டில் பிடித்துப் பார்த்து, "ம்" என்றார். கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அன்றைக்கு மல்லிகா டீ வாங்கித் தரவில்லை. மேடமே வாங்கித் தந்தார். கொஞ்ச நாளில் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த லைட்டும் ஸ்டூலும் காணாமல் போயின. உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்றார் மேடம். அதையும் நம்பினேன்.

வீட்டுக்காரர் கொஞ்சம் சாய்த்து நடப்பார், ஆனால் சொந்தக் காலில் நடந்தார். இன்றைக்கும் டீக்கடைக்கு நடந்து போகிறார். நான் வேலையில் நிலைத்தேன், ரிடையர் ஆனேன். புதுப் பெண்கள் யாராவது கஷ்டம் என்று அழுதால், "எனக்கும் வந்துச்சு. யார் கிட்டயும் போய் நிக்கல, தனியா தாண்டி வந்தேன்" என்று சொல்லியிருக்கிறேன். அதிகம் பேசாத நான் அதை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து சொல்வேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு, அந்த மெஷினுக்கு முன்னால், மல்லிகா சொன்னாள்.

"அது கம்பெனி லைட்டு இல்லடி. கிரேஸ் மேடம் ஊட்டு கூடத்துல இருந்த லைட்டு. கழட்டிக்கினு ரயில்ல எடுத்தாந்தாங்க. இங்க எலக்ட்ரிக் வேல பாத்தாரே ரஹ்மத் ஊட்டுக்காரரு, அவருதான் மாட்டிக் குடுத்தாரு."

"ஏன், ஸ்டோர்ல இல்லயா?"

"ஸ்டோர்ல கேட்டா எதுக்குன்னு காரணம் சொல்லணும். காரணம் நீதானே. உன் பேரு மேல போயிடுமில்ல? மேனேஜர் வந்து இன்னா இதுன்னு கேட்டாரு. மருந்து பாட்டிலாச்சே சார், ரெண்டு தடவ பாத்தா தப்பில்லன்னுட்டாங்க. நாங்க எல்லாம் பெட்டி மடிக்கற நேரத்த உட்டுட்டு அங்க உக்காந்தோம்."

பெட்டி மடிக்கிற நேரம் கண்ணுக்கு ஓய்வு என்று சொன்னேன். அந்த ஓய்வை விட்டார்கள். ரஹ்மத்தின் சிவந்த கண் எனக்கு ஞாபகம் வந்தது.

"மேடம் தினமும் பொட்டு வச்ச பாட்டில் ஒண்ணு உன் லைன்ல வெப்பாங்க. நீ தினமும் உட்டுடுவ. நாங்க அந்தாண்ட புடிப்போம். டெஸ்ட் பாட்டில் புடிச்சாங்களான்னு மேனேஜர் கேப்பாரு. புடிச்சாங்க சார்னுவாங்க மேடம். பொய் இல்லயே, நாங்க புடிச்சோமே." மல்லிகா சிரித்தாள். "நெசமான ஊஞ்சலும் வந்துச்சு கன்னிமா. ஆனா ஒண்ணுகூட லாரி ஏறல. நீ எப்ப பொட்டு பாட்டில புடிக்கறன்னு நாங்க தெனம் பாத்துக்கினே இருந்தோம். அன்னிக்கு நீ கத்தன பாரு..."

"ஏன்டி என் கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வெக்கத்துல வேலைய உட்டுட்டு ஓடியிருப்ப. அப்புறம் உங்க ஊட்டுக்காரரு கால்?"

நான் அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டில்கள் போய்க்கொண்டே இருந்தன. என்னைச் சுற்றி இத்தனை பேர் இவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒன்றைச் செய்திருக்கிறார்கள், வெளிச்சத்தையே பார்க்கிற வேலை செய்தவள் நான், எனக்கு எரிந்த வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொன்றும் மனசில் தட்டுப்பட்டது. விடிகாலை முதல் பஸ்ஸில் புதுவாயலில் இறங்க என்னைத் தவிர வேறு யாரும் இருந்ததே இல்லை. அந்தக் கண்டக்டர் யாருக்காகக் கத்தினார்?

பூஜை விடுமுறை முடிந்ததும் மீஞ்சூருக்கு ரயில் ஏறினேன். மல்லிகா கூட வருகிறேன் என்றாள். நான் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மேடம் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு இளைத்திருந்தது. கண்ணாடி இன்னும் தடித்திருந்தது. மருமகள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "அத்தைக்குக் காது கேக்காது, கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று உள்ளே போனாள். அத்தனை வருடம் மெஷின் சத்தத்தில் நின்ற காது.

"மேடம், நான் கன்னியம்மா" என்றேன்.

"இன்னா?"

"கன்னியம்மா, மேடம். லைட்டுல உக்காருவேனே."

"கேக்கல. வாயத் தொறந்து சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அந்த ஷெட், அந்தப் பெல்ட், எல்லாம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"நீங்க எனக்காக உங்க ஊட்டு லைட்ட கழட்டிக்கினு வந்தீங்களாம் மேடம்! மல்லிகா சொன்னா! எனக்குத் தெரியாது மேடம்! இத்தன வருசமா தெரியாது! எங்க ஊட்டுக்காரரு நடக்கறாரு மேடம்! அந்தக் காலாலதான் நடக்கறாரு!"

சமையல் கட்டிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கேட்டுக்கு வந்துவிட்டாள். கீரைக்காரர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். கூச்சமாக இல்லை.

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப கத்துன்னா கத்தல. இப்ப தெருவே கேக்கற மாறி கத்தற" என்றார். பிறகு, "மேலேந்து உத்தரவு வந்துச்சு. போட்டேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

அவருக்கு இருமல் வந்தது. பக்கத்து மேசையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஒரு ஸ்பூன் ஊத்து. எனக்கு இப்பல்லாம் கண்ணு தெரியறதில்ல."

பழுப்பு பாட்டில். பாதி மருந்து இருந்தது. மூடியைத் திறக்கப் போனவள், நிறுத்தி, பாட்டிலை மேலே தூக்கினேன். கூடத்துச் சுவரில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதே லைட்டாக இருக்காது, இத்தனை வருடத்தில் எத்தனையோ மாற்றியிருப்பார்கள். ஆனாலும் அதே இடம். அதற்கு நேராகப் பிடித்துச் சுற்றினேன். வாய். கழுத்து. தோள். உடம்பு. அடி. மேடம் நாற்காலியில் சற்று முன்னால் வந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை சுற்றினேன்.

"சுத்தம் மேடம்!" என்று கத்தினேன்.

"ம்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பிறகு ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார்.